19 யூனிட் எடுக்கலாமா வேணாமா: ட்ரான்ஸ்ஃபர் கவுன்சலிங், அசிஸ்ட் சைட் ரெண்டுக்கும் ஒரு ரிவ்யூ

கலிஃபோர்னியால கம்யூனிட்டி காலேஜ்ல (முதல் ரெண்டு வருஷப் படிப்பு நடத்தற காலேஜ்) படிச்சிட்டு அப்புறம் யூசிக்கோ சிஎஸ்யூவுக்கோ (அங்க இருக்கற ரெண்டு அரசு யுனிவர்சிட்டி அமைப்பு) மாறப்போற ஆள் வீட்டுல யாராவது இருந்தா இத படிங்க, இல்லன்னா தாண்டிப் போயிடுங்க, செம போர் அடிக்கும். ரிவ்யூ பண்றது ரெண்டு விஷயம், ரெண்டுமே காசு குடுக்காம கிடைக்கறது. ஒண்ணு காலேஜ்லயே இருக்கற ட்ரான்ஸ்ஃபர் சென்டர் கவுன்சலிங். எந்தக் காலேஜ்னு சொல்ல மாட்டேன், அங்க இருக்கறவங்க எல்லாரையும் ஒரே தட்டுல வெச்சுப் பேசறது நியாயம் இல்ல, ஏன்னு கீழ புரியும். இன்னொண்ணு அசிஸ்ட் டாட் ஆர்க்ங்கற வெப்சைட். எந்தக் கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸ் எந்த யூசி, சிஎஸ்யூ கோர்ஸுக்குச் சமம்னு மாநிலம் முழுக்க அதிகாரப்பூர்வமா பதிவாகி இருக்கற இடம் அதுதான்.

கேள்வி என் தம்பியோடது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங். யூனிட்ங்கறது ஒரு கோர்ஸோட கனத்துக்குப் போடற அளவு. ஒரு செமஸ்டர்ல முழு லோடுன்னா 12 யூனிட், அவன் ஃபால்ல (வருஷத்தோட முதல் செமஸ்டர்) 19, ஸ்ப்ரிங்ல (மே மாசம் முடியற ரெண்டாவது செமஸ்டர்) 20 எடுத்து ஒரே வருஷத்துல யூசிக்குப் போயிடறேன்னு நின்னான். ஸ்கூல்ல எழுதின ஏபி எக்ஸாம் (காலேஜ் லெவல் பரீட்சை, நல்ல ஸ்கோர் வாங்கினா யூனிட் கிடைக்கும்) யூனிட் கொஞ்சம், சேர்றதுக்கு முன்னாடி சம்மர்ல முடிச்சது கொஞ்சம், எல்லாத்தையும் கூட்டினா 60 வந்துடுதாம். யூசி ஜூனியரா, அதாவது மூணாவது வருஷத்துல, எடுத்துக்கறதுக்கு 60 செமஸ்டர் யூனிட் வேணும், க்வார்ட்டர் கணக்குல 90. கூட்டல் சரிதான், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

"எல்லாரும் எடுக்கறாங்கக்கா."

"எல்லாரும்னா யாருடா?"

"டிஸ்கார்ட்ல ஒருத்தன் 24 எடுத்திருக்கான்."

அம்மா கிச்சன்ல இருந்து "அந்த 24 எடுத்தவன் பாஸ் ஆனானான்னு கேளு"ன்னாங்க. அதுக்கு பதில் இல்ல. சரி, கவுன்சலர்கிட்ட போவோம்னு போனோம்.

முதல் அப்பாயின்ட்மென்ட் அரை மணி நேரம். அந்தம்மா நல்ல மாதிரிதான், சிரிச்ச முகம், ஆனா கம்ப்யூட்டர்ல எஜுகேஷன் ப்ளான் ஸ்க்ரீன திறந்து வெச்சுக்கிட்டு கோர்ஸ் பேர் இருக்கற பெட்டிய ஒண்ணொண்ணா இழுத்து ஃபால்ல போடறது, நிரம்பிடுச்சுன்னா அடுத்தத ஸ்ப்ரிங்ல போடறது, அவ்வளவுதான் நடந்துது. இடையில ஒரு தடவை ஃபிசிக்ஸ கால்குலஸ் 1 இருக்கற அதே செமஸ்டர்ல இழுத்துப் போட்டாங்க, அந்தக் காலேஜ்ல கால்குலஸ் 1 முடிச்சாதான் ஃபிசிக்ஸ், தம்பியே சொல்லி மாத்த வெச்சான். 18க்கு மேல போனா பெட்டிஷன் ஃபார்ம் இருக்கு, கையெழுத்து வாங்கிக்கோ, பண்ணலாம், முடிஞ்சுது. பண்ணலாமான்னு கேட்டா பண்ணலாம்னு சொல்றாங்க, பண்ணனுமான்னு கேக்க அங்க நேரமே இல்ல. நீ வேலைக்குப் போறியான்னு கூட கேக்கல. அவன் வீக்கெண்ட்ல ஒரு கடையில 15 மணி நேரம் வேலை பாக்கறான்.

இவங்கள மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லன்னும் சொல்லணும், ஒரு கவுன்சலருக்கு எத்தனை ஸ்டூடன்ட் இருப்பாங்கன்னு வெளிய வரிசைய பாத்தாலே தெரியும். ஆனா ரிவ்யூன்னு வந்தா கிடைச்ச சர்வீஸுக்குத்தான் மார்க் போட முடியும்.

அன்னிக்கு ராத்திரி அசிஸ்ட திறந்தோம். இது எவ்வளவு நல்ல சைட்னு எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல, பாக்க அழகா எல்லாம் இருக்காது, கவர்ன்மென்ட் ஃபார்ம் மாதிரிதான் இருக்கும். மூணு பெட்டி: எந்த வருஷம், எந்தக் காலேஜ்ல இருந்து, எங்க போகணும். அப்புறம் மேஜர் (முக்கியப் பாடம்) தேர்வு பண்ணினா ரெண்டு பத்தியா ஒரு பக்கம் வரும், ஒரு பக்கம் யூசி கேக்கற கோர்ஸ், எதிர்ப்பக்கம் அதுக்கு உங்க காலேஜ்ல சமமான கோர்ஸ். சமமா எதுவும் இல்லன்னா இல்லன்னு பட்டுனு போட்டிருக்கும். ரெண்டு கோர்ஸுக்கு நடுவுல "ஆண்ட்"னு இருக்கா "ஆர்"னு இருக்கான்னு கண்ண விரிச்சுப் பாக்கணும், ஏன்னா ஃபிசிக்ஸ் மாதிரி தொடர் கோர்ஸ்ல மூணும் சேர்ந்தாதான் அவங்க மூணுக்குச் சமம்னு இருக்கும், ரெண்ட மட்டும் முடிச்சிட்டுப் போனா பாதி கிணறு தாண்டின கதைதான்.

தம்பி நாலு யூசி கேம்பஸுக்கும் நாலு டேப் திறந்து வெச்சான். நாலுலயும் பொதுவா இருந்தது கால்குலஸ் முழுசு, லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், கால்குலஸ வெச்சு நடத்தற ஃபிசிக்ஸ் தொடர், கெமிஸ்ட்ரி. மத்ததெல்லாம் கேம்பஸுக்குக் கேம்பஸ் மாறுது. அவன் 19க்கும் 20க்கும் அடுக்கி வெச்சிருந்ததுல ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், இன்னும் ஏதோ ஒண்ணு "ஈஸி ஏ"ன்னு சீனியர் சொன்னானாம், இது எதுவுமே அந்தப் பக்கத்துல இல்ல. யூசிக்குள்ள நுழைய குறைஞ்சபட்சமா இங்க்லிஷ் ரெண்டு, மேத்ஸ் ஒண்ணு, அப்புறம் ரெண்டு வேற வேற துறையில இருந்தாவது நாலு கோர்ஸ் முடிச்சிருக்கணும்னு ஒரு விதி இருக்கு, அதனால ஹிஸ்டரி ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும். மீதி எல்லாம் 60ங்கற நம்பர தொடறதுக்காக மட்டும் சேர்த்தது. இன்ஜினியரிங் பசங்களுக்கு ஜெனரல் எஜுகேஷன் பேட்டர்ன் (எந்த மேஜரா இருந்தாலும் எடுக்கற பொதுப் பாடப் பட்டியல்) முழுசா முடிக்கறத விட மேஜர் கோர்ஸ் முடிக்கறதுதான் முக்கியம்னு யூசியே சொல்லுது. அந்தப் பேட்டர்ன் முன்னாடி ஐகெட்சின்னு இருந்துது, 2025 ஃபால்ல இருந்து கால்-கெட்சி.

இங்கதான் மெயின் விஷயம். கால்குலஸ் 1 முடிச்சாதான் 2, 2 முடிச்சாதான் 3. லீனியரும் டிஃபரன்ஷியலும் பொதுவா 2க்கு அப்புறம். மெக்கானிக்ஸ் ஃபிசிக்ஸுக்கு 1 வேணும், எலக்ட்ரிசிட்டி மேக்னடிசத்துக்கு மெக்கானிக்ஸும் 2ம் வேணும். ஸ்டாடிக்ஸுக்கு மெக்கானிக்ஸ் வேணும். தம்பி ஃபால்ல ஆரம்பிக்கறது கால்குலஸ் 1. அப்போ ஒரு செமஸ்டர்ல 13 யூனிட் எடுத்தாலும் சரி 23 எடுத்தாலும் சரி, தலையால தண்ணி குடிச்சாலும் அந்த வருஷம் மே மாசம் அவன் கையில கால்குலஸ் 2ம் முதல் ஃபிசிக்ஸும்தான் இருக்கும். லோட ஏத்தினா இந்த வரிசை ஒரு நாள் கூட முன்னாடி நகராது. நகர்றதெல்லாம் ஹிஸ்டரியும் எகனாமிக்ஸும்தான், அதுக்கு அவசரமே இல்ல. நோட்ல அவன் அம்புக்குறி போட்டு எழுதினான், மேத்ஸ் ஒரு கோடு, ஃபிசிக்ஸ் ஒரு கோடு, எழுதி முடிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அப்போ 19 எதுக்கு"ன்னு அவனே கேட்டான். நான் வாயே திறக்கல.

ரெண்டாவது விஷயம் அதை விட சிம்பிள், ஆனா யாரும் பசங்களுக்கு சொல்ல மாட்டேங்கறாங்க. யூசி ட்ரான்ஸ்ஃபர் பெரும்பாலும் ஃபாலுக்கு மட்டும்தான், கதவு வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கும் (சில கேம்பஸ் எப்பவாவது விண்ட்டர், ஸ்ப்ரிங்குக்கு எடுக்கும், அத நம்பி ப்ளான் போட முடியாது). இதோட அர்த்தம் என்னன்னா லோட ஏத்தி ரெண்டு வருஷப் படிப்ப ஒண்ணரை வருஷத்துல, அதாவது டிசம்பர்ல முடிச்சாலும் நீங்க உள்ள போறது அடுத்த ஆகஸ்ட் செப்டம்பர்லதான், மே மாசம் முடிச்சவனோட அதே நாள்ல. அரை வருஷம் மிச்சம் பண்றேன்னு உயிர குடுத்து படிச்சு அந்த அரை வருஷம் வீட்டுல உக்காரணும். ஹெவி லோடுக்கு பலன் இருக்கணும்னா அது முழுசா ஒரு வருஷத்த தாண்ட வெக்கணும். பாதிய தாண்ட வெச்சா பூஜ்யம். சிஎஸ்யூல சில கேம்பஸ் ஸ்ப்ரிங்குக்கும் எடுப்பாங்க, அங்க போறவங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

சரி, முழுசா ஒரு வருஷம் தாண்டறவங்க இருக்காங்கன்னே வெச்சுப்போம், அவங்க அப்ளிகேஷன் எப்படி இருக்கும்னு பாருங்க. யூசிக்கு அப்ளிகேஷன் அனுப்பறது அக்டோபர்ல ஆரம்பிச்சு நவம்பர் கடைசி வாக்குல முடியும். ஒரு வருஷ ப்ளான் காரன் அப்போதான் முதல் செமஸ்டர் நடுவுல இருப்பான், சம்மர் தவிர கையில காலேஜ் க்ரேடே இருக்காது. ஜனவரில ட்ரான்ஸ்ஃபர் அகடமிக் அப்டேட்னு ஒண்ணு நிரப்பணும், ஃபால் க்ரேடு அதுலதான் போகும். அதாவது மொத்த விதியும் அந்த ஒரே ஃபால் செமஸ்டர் மேல. அந்த ஒரே செமஸ்டர்லதான் இவன் 19 யூனிட்ட ஏத்திக்கறேங்கறான்! ரெண்டு வருஷம் எடுத்தா மூணு செமஸ்டர் க்ரேடு அவங்க பாப்பாங்க, ஒண்ணுல சறுக்கினாலும் மீதி ரெண்டு தூக்கி விடும்.

இன்னொரு நஷ்டம் டேக். ட்ரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரன்டி. டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ்னு ஆறு கேம்பஸ்ல ஒண்ணுக்கு போடலாம், செப்டம்பர் 1ல இருந்து 30க்குள்ள. பர்க்லி, எல்ஏ, சான் டியேகோல டேக் கிடையாது. சில மேஜருக்கும் கிடையாது, இன்ஜினியரிங் பசங்க இதை ஒவ்வொரு கேம்பஸா பாத்துக்கணும். ஆனா டேக் போடற நேரத்துலயே 30 யூனிட் முடிச்சிருக்கணும். முதல் செப்டம்பர்ல அது எத்தனை பேர்கிட்ட இருக்கும்? ஸ்கூல் படிக்கறப்பவே டூயல் என்ரோல்மென்ட்ல நிறைய முடிச்சவன் தவிர கஷ்டம். கேரன்டிய விட்டுட்டு ஓடறதுல என்ன அவசரமோ.

நேரக் கணக்குக்கு வரேன். ஒரு யூனிட்டுக்கு வாரத்துக்கு 3 மணி நேரம்னு வெச்சுதான் யூனிட்டே டிசைன் பண்ணிருக்காங்க, லெக்சர்னா ஒரு மணி க்ளாஸ், ரெண்டு மணி வீட்டுல. லேப்னா மூணு மணியும் லேப்லயே போயிடும். 19 யூனிட்னா 57 மணி நேரம். கடை வேலை 15. மொத்தம் 72. இதுல பஸ், தூக்கம், சாப்பாடு, அம்மா குடுக்கற வேலை எதுவும் சேரல. கெமிஸ்ட்ரி 5 யூனிட்ட எடுத்துக்கங்க, தம்பி காலேஜ்ல வாரத்துக்கு 3 மணி லெக்சர், 6 மணி லேப், ஆக 9 மணி நேரம் உடம்போட அங்க இருக்கணும், ஆனா ஷெட்யூல்ல வெறும் 5ன்னு இருக்கும். லேப் கோர்ஸ் ரெண்டு ஒரே செமஸ்டர்ல வந்தா வாரத்துல ரெண்டு மூணு மத்தியானம் அப்படியே காணாம போகும். யூனிட் நம்பர மட்டும் கூட்டினா இது கண்ணுல படாது.

சம்மர்ல ஈஸியா தள்ளிடலாம்னு நினைக்கறவங்களுக்கு: 4 யூனிட் மேத்ஸ் கோர்ஸ் மொத்தமா சுமார் 200 மணி நேர வேலை. அத 6 வாரத்துல அடைச்சா வாரத்துக்கு 30 மணிக்கு மேல, ஒரே ஒரு கோர்ஸ். அது கூட இன்னொண்ணு சேர்த்தா நாக்கு தள்ளிடும். ஆனா இந்த வரிசைய நிஜமா முன்னாடி நகர்த்தறது சம்மர்தான், ஃபால்ல ஏத்தற மூணு எக்ஸ்ட்ரா கோர்ஸ விட சம்மர்ல எடுக்கற ஒரு கால்குலஸுக்கு மதிப்பு ஜாஸ்தி. டி ஆன்சா, ஃபுட்ஹில் மாதிரி க்வார்ட்டர் காலேஜ்ல இருக்கறவங்க ஒரு வருஷத்துல மூணு க்வார்ட்டர் கிடைக்கறதால இந்த வரிசைய இன்னும் நல்லா அடுக்க முடியும், ஆனா க்வார்ட்டர்ல ஒரு வாரம் ஜுரம்னு படுத்தா மிட்டெர்மே போயிடும், அதையும் சேர்த்துப் பாத்துக்கணும்.

"எடுத்துப் பாக்கறேன், கஷ்டமா இருந்தா ட்ராப் பண்ணிடறேன்" இது தம்பியோட அடுத்த ஆயுதம். கல்யாணப் பந்தியில எல்லாத்தையும் இலையில வாங்கிக்கிட்டு அப்புறம் ஒதுக்கி வெக்கற புத்தி. நடைமுறை என்னன்னா, டபிள்யூ (பாதில விட்டதுக்கு ட்ரான்ஸ்க்ரிப்ட்ல விழற குறி) விழாம ட்ராப் பண்ண பல காலேஜ்ல செமஸ்டர்ல முதல் 20 சதவீதத்துக்குள்ள பண்ணனும், 16 வார செமஸ்டர்னா சுமாரா மூணாவது வாரம். காசு திரும்ப வேணும்னா பல இடத்துல அதுக்கும் முன்னாடி. நிறைய க்ளாஸ்ல முதல் எக்ஸாமே நாலாவது அஞ்சாவது வாரம்தான். கஷ்டமா இல்லையான்னு தெரியறதுக்கு முன்னாடியே கதவு சாத்திடுது, புரியுதா. அதுக்கப்புறம் 75 சதவீதம் வரைக்கும் ட்ராப் பண்ணலாம் ஆனா ட்ரான்ஸ்க்ரிப்ட்ல டபிள்யூ நிக்கும். ஒரு டபிள்யூ ஒண்ணும் பண்ணாது, ஜிபிஏல சேராது, அதுக்காக வீட்ல சண்டை போடாதீங்க. ரெண்டு மூணு வரிசையா வந்தா அப்ளிகேஷன படிக்கறவங்க ஏன்னு யோசிப்பாங்க. ஃபைனான்ஷியல் எய்ட் வாங்கறவங்க இன்னும் ஜாக்கிரதை, எடுத்த யூனிட்ல 67 சதவீதமாவது முடிச்சிருக்கணும்னு பொதுவா ஒரு விதி இருக்கு, அதுல டபிள்யூவும் முடிக்காத கணக்குலதான் வரும். எஃப்-1 விசால (வெளிநாட்டு ஸ்டூடன்ட் விசா) வந்த பசங்க 12க்குக் கீழ இறங்கணும்னா முன்கூட்டியே இன்டர்நேஷனல் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், ட்ராப் பண்ணிட்டு போய் சொன்னா விசா சிக்கல்.

சி வாங்கினா? அதுதான் இருக்கறதுலயே மோசம். டி, எஃப்னா திரும்ப எடுக்க விடுவாங்க. சி வாங்கினா அது பாஸ், திரும்ப எடுத்து யூசி ஜிபிஏவ ஏத்த முடியாது. கால்குலஸ் 2ல ஒரு சிய 20 யூனிட் செமஸ்டர்ல வாங்கினா அது அப்படியே ஒட்டிக்கும். கலிஃபோர்னியா ஆட்களுக்கு யூசி குறைஞ்சபட்ச ஜிபிஏ 2.4தான், ஆனா இன்ஜினியரிங்ல அத வெச்சுக்கிட்டு எங்கயும் நுழைய முடியாது, மேஜர் கோர்ஸ்ல என்ன க்ரேடுன்னு தனியா பாப்பாங்க.

இப்ப ரெண்டாவது கவுன்சலர். அதே சென்டர், வேற ஆள், இன்ஜினியரிங் பசங்கள மட்டும் பாக்கறவர், அவர் கிட்ட நேரம் கிடைக்கவே கொஞ்சம் நாளாச்சு. தம்பி நாலு கேம்பஸ் அசிஸ்ட் பக்கத்தையும் ப்ரின்ட் எடுத்து, அந்த அம்புக்குறி நோட்டையும் எடுத்துக்கிட்டு போனான். அவர் முதல்ல கேட்டது எத்தனை யூனிட்னு இல்ல. "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலைக்குப் போற, வீட்ல இருந்து காலேஜுக்கு எவ்வளவு நேரம், கடைசியா மேத்ஸ் க்ளாஸ் எப்போ எடுத்த." மூணு கேள்வி. அப்புறம் ப்ளான கடைசில இருந்து பின்னாடி போட்டார், அதாவது அப்ளிகேஷனுக்கு அப்புறம் வர்ற ஸ்ப்ரிங்குக்கு எத தள்ளலாம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு ஃபாலுக்கு வந்தார்.

அவர் சொன்னதுல எனக்கு புதுசா இருந்தது அந்த ஸ்ப்ரிங் விஷயம்தான். அப்ளிகேஷன்ல இந்த இந்த கோர்ஸ் ஸ்ப்ரிங்ல முடிப்பேன்னு எழுதறோம்ல, அது ஒரு வாக்கு மாதிரி. அட்மிஷன் குடுக்கறது அத நம்பி. 20 யூனிட் எழுதிட்டு மார்ச்ல மூச்சு முட்டி ஒண்ண விட்டா யூசிக்கு உடனே தெரிவிக்கணும், சொல்லாம விட்டா கிடைச்ச சீட்டே போகலாம். அதனால ஹெவி செமஸ்டர் ஒண்ணு வந்தே ஆகணும்னா அது அப்ளிகேஷனுக்கு ரொம்ப முன்னாடி வரட்டும், கடைசி ஸ்ப்ரிங்ல வேண்டவே வேண்டாம்னார். கடைசி ஸ்ப்ரிங்ல ஆசைக்கு எழுதாத, முடிக்கப் போறத மட்டும் எழுதுன்னார். அரை மணி நேரம்தான் இவரும், அதே ஆபீஸ், அதே கம்ப்யூட்டர்.

ஹெவி லோடே தப்புன்னு நான் சொல்ல வரல. ஏபி கால்குலஸ் பிசில நல்ல ஸ்கோர் வாங்கிட்டு நேரா கால்குலஸ் 3ல உக்காரறவனுக்கு இந்த வரிசை பாதி முடிஞ்சாச்சு, அவனுக்கு ரெண்டு கனமான செமஸ்டர் போட்டா உண்மையிலயே ஒரு வருஷம் மிச்சம், வேலைக்குப் போகாதவன்னா தாராளமா போடலாம். பொலிடிகல் சயின்ஸ், சோஷியாலஜி மாதிரி ப்ரீரெக் (முன்னாடியே முடிச்சிருக்க வேண்டிய கோர்ஸ்) வரிசை நீளமா இல்லாத மேஜர்லயும் யூனிட்டுதான் தடை, அங்க 18 எடுத்தா 18க்கு பலன் இருக்கு, ஆனா எழுத்து வேலை ஜாஸ்தி, அஞ்சு க்ளாஸ்ல இருந்து ஒரே வாரத்துல அஞ்சு பேப்பர் வரும். நடுவுல மேஜர் மாத்தினவங்களுக்கும் ஒரு செமஸ்டர் கனமா வந்தே தீரும், வேற வழி இல்ல. 70 யூனிட்டுக்கு மேல போனா யூசி எடுக்காதுன்னு ஒரு பயம் சுத்துது, கம்யூனிட்டி காலேஜ்ல மட்டும் படிச்சவங்களுக்கு அது உண்மை இல்ல, 70 வரைக்கும் யூனிட்டா கணக்கு வரும், அதுக்கு மேல சப்ஜெக்ட் கிரெடிட் மட்டும் கிடைக்கும் (கோர்ஸ் முடிச்சதா எடுத்துப்பாங்க, யூனிட் ஏறாது), அந்த பயத்துல யாரும் அவசரப்பட வேணாம்.

காசு விஷயத்துல தம்பி சொன்னது, ஒரு வருஷம் முன்னாடி முடிச்சா ஒரு வருஷ சம்பளம் லாபம்னு. அத மறுக்க முடியாது, வீட்டுக் கஷ்டத்துல இருந்து ஓடறவனுக்கு அது பெரிய விஷயம். ஆனா மறுபக்கம், கம்யூனிட்டி காலேஜ்ல கலிஃபோர்னியா ஆளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 12 யூனிட்டோட ஒரு செமஸ்டர் கூட இருந்தா 552 டாலர். முதல் ரெண்டு வருஷம் முழு லோடு எடுக்கற புது ஸ்டூடன்டுக்கு பல காலேஜ்ல அதுவும் தள்ளுபடி. யூசில ஃபீஸ் மட்டும் வருஷத்துக்கு 14,000 டாலருக்கு மேல, தங்கற செலவு தனி. டிஃபரன்ஷியல் ஈக்வேஷனும் ரெண்டாவது ஃபிசிக்ஸும் இல்லாம அங்க போய் இறங்கினா அப்பர் டிவிஷன் (மூணாவது, நாலாவது வருஷ) க்ளாஸ்ல உக்கார முடியாது, விட்ட கோர்ஸ அங்கயே உக்காந்து அந்த விலைக்கு முடிக்கணும், ஒரு வருஷம் மிச்சம் பண்ணினது அங்க போய் கழிஞ்சிடும்.

மார்க் போட்டே ஆகணும்னா அசிஸ்டுக்கு அஞ்சுக்கு நாலரை. அரை ஏன் கம்மின்னா எந்த கோர்ஸ் எதுக்கு ப்ரீரெக்னு அங்க தெரியாது, அத உங்க காலேஜ் கேட்டலாக்ல போய் பாத்து நீங்களேதான் வரிசை போடணும், யுஎஸ்சி மாதிரி ப்ரைவேட்டுக்கு அவங்க சொந்த சைட்ட பாக்கணும். கவுன்சலிங்குக்கு பொதுவா ஒரு மார்க் சொல்ல முடியல, முதல் ஆளுக்கு ரெண்டு, ரெண்டாவது ஆளுக்கு அஞ்சு. உங்க மேஜருக்குன்னு தனி கவுன்சலர் இருக்காரான்னு கேட்டு அவர்கிட்டதான் நேரம் வேணும்னு அடம் பிடிங்க, வெறுங்கையோட போகாதீங்க, அசிஸ்ட் ப்ரின்டும் ஏபி ஸ்கோரும் வேலை நேரமும் எழுதின பேப்பரோட போங்க. செப்டம்பர்ல டேக் கூட்டம், நவம்பர்ல அப்ளிகேஷன் கூட்டம், அப்போ போனா பத்து நிமிஷம் நின்னபடியே பேசி அனுப்பிடுவாங்க, ஏப்ரல் மே மாதிரி நேரத்துல நிதானமா பேசுவாங்க.

தம்பி கடைசில ஃபாலுக்கு 14 யூனிட் போட்டிருக்கான்: கால்குலஸ் 1, இங்க்லிஷ், ப்ரோக்ராமிங், ஹிஸ்டரி. கெமிஸ்ட்ரி ஸ்ப்ரிங்குக்குப் போச்சு, அப்போ கடை வேலைய ஒரு நாளா குறைக்கறேன்னு சொல்லிருக்கான். கால்குலஸ் 2 சாயங்கால செக்‌ஷன் ரெஜிஸ்ட்ரேஷன் திறந்த அன்னிக்கே ஃபுல் ஆயிடும்னு சொல்றாங்க. கிடைக்கலன்னா சிவிசி எக்ஸ்சேஞ்ச்னு ஒண்ணு இருக்கு, உங்க காலேஜ் அதுல சேர்ந்திருந்தா வேற கம்யூனிட்டி காலேஜோட ஆன்லைன் கோர்ஸ தனியா அப்ளை பண்ணாமலே எடுக்கலாம். ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் காலேஜ் பேர போட்டு அசிஸ்ட்ல இன்னொரு தடவை பாத்துடுங்க, ஒரு காலேஜ் கால்குலஸ் 2 முடிக்கற இடத்துலதான் இன்னொரு காலேஜ் கால்குலஸ் 3 ஆரம்பிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.